இழுத்து நீட்டுவது மட்டும் பயிற்சி அல்ல: பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளுக்கு எது உதவும்?

போரினால் மாற்றாற்றல் உடையவர்களாக்கப்பட்டோரைப் பற்றி நாம் ஓரளவேனும் பேசியிருக்கின்றோம். காலை இழந்தவர், கண்ணை இழந்தவர், முள்ளந்தண்டில் காயப்பட்டுப் படுக்கையில் இருப்பவர் என அவர்களை ஊர் அறியும். அதே ஊர்களில் வீட்டின் உள்ளறையில் பாயில் கிடத்தப்பட்டு, ஊர் கண்ணில் படாமலேயே வளரும் பிள்ளைகளும் இருக்கின்றார்கள். கழுத்து நிற்காமல், கை கால்கள் விறைத்து, சொல்ல நினைப்பதைச் சொல்ல முடியாமல் இருக்கும் இப்பிள்ளைகளில் பலருக்கு இருப்பது பெருமூளை வாதம். வைத்தியர்கள் சுருக்கமாக 'சிபி' என்று சொல்வதும் இதைத்தான்.

இப்பிள்ளைகளின் பெற்றோர் வழக்கமாக இரண்டு கேள்விகளைக் கேட்கின்றார்கள். "பிள்ளை நடக்குமோ?" என்பது ஒன்று. "என்ன எக்ஸசைஸ் செய்ய வேணும்?" என்பது மற்றையது. கிளினிக்கின் நெரிசலில் இரண்டுக்கும் முழுமையான பதில் கிடைப்பது அரிது. கடந்த இருபது, முப்பது வருடங்களில் இந்தத் துறையின் அறிவு பெரிதும் மாறியிருக்கின்றது. அந்த மாற்றம் ஒவ்வொரு தாயையும் சென்றடைய வேண்டும். ஏனெனில் பயிற்சியின் பெரும்பகுதி நடப்பது வைத்தியசாலையில் அல்ல, வீட்டில்தான்.

நோய் அல்ல, ஒரு காயத்தின் விளைவு

வளர்ந்துகொண்டிருக்கும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பினால் உடலின் அசைவும் இருக்கை நிலையும் குழம்பிப் போவதே பெருமூளை வாதம். இந்தப் பாதிப்பு கருவில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்து முதல் இரண்டு மூன்று வருடங்களுக்குள்ளோ ஏற்படலாம். 19 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் ஜோன் லிட்டில் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இதனை விரிவாக விபரித்தார். அதனால் நீண்ட காலம் இது 'லிட்டிலின் நோய்' என்றே அழைக்கப்பட்டது.

மூளையில் ஏற்பட்ட பாதிப்பு நாளுக்கு நாள் கூடுவதில்லை. ஆனால் அதன் விளைவாக உடலில் ஏற்படும் கோளாறுகள் கவனிக்காவிட்டால் கூடிக்கொண்டே போகும். விறைத்த தசை எலும்பின் வளர்ச்சிக்கு ஈடுகொடுத்து நீளாது. மூட்டு மடங்கி இறுகும், இடுப்பு விலகும், முதுகு வளையும். பயிற்சியும் புனர்வாழ்வும் மூளையின் காயத்தை ஆற்றுவதற்கானவை அல்ல. இருக்கும் மூளையைக் கொண்டு பிள்ளை எவ்வளவு கற்க முடியுமோ அவ்வளவு கற்பதற்கும், உடல் மேலும் சிதையாமல் காப்பதற்குமே அவை தேவைப்படுகின்றன.

எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பெரும்பாலானோருக்குத் தசை விறைப்பு இருக்கும். ஒரு பக்கக் கையும் காலும், அல்லது இரண்டு கால்களும், அல்லது முழு உடலும் விறைக்கலாம். சிலருக்குக் கட்டுப்பாடில்லாத முறுக்கல் அசைவுகள் இருக்கும். இன்னும் சிலர் தள்ளாடுவார்கள். வெளிநாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது இவர்களில் மூவரில் ஒருவரால் நடக்க முடியவில்லை, நால்வரில் ஒருவரால் பேச முடியவில்லை, நால்வரில் ஒருவருக்கு வலிப்பு இருக்கின்றது. ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு அறிவுத்திறனில் குறைபாடு இல்லை என்பதும் அதே தொகுப்பில் தெரிந்தது. பேச்சு வராத பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது என்று நினைத்து, அதன் முன்னாலேயே அதைப் பற்றிக் கதைப்பவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

"நான் ஏதும் பிழை விட்டேனோ?"

வன்னியில் இந்தக் கேள்விக்குத் தனியான கனம் உண்டு. பதுங்கு குழியிலும் தரப்பாள் கொட்டகையிலும் பிரசவித்த தாய்மார், ஓடிக்கொண்டே கர்ப்பத்தைச் சுமந்த தாய்மார், அன்று வைத்தியசாலைக்குப் போயிருந்தால் பிள்ளைக்கு இப்படி ஆகியிராதோ என்று இன்றும் தம்மையே கேட்டுக்கொள்கின்றார்கள். ஊரில் சிலர் இதனைக் கர்மவினை என்கின்றார்கள்.

குறைமாதப் பிறப்பு, கர்ப்பகாலத் தொற்றுகள், பிரசவத்தின்போது குழந்தைக்கு ஒட்சிசன் குறைதல், உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்கப்படாத கடுமையான மஞ்சட்காமாலை, மூளைக்காய்ச்சல், சிறுவயதில் தலையில் படும் காயம் ஆகியவை அறியப்பட்ட காரணங்கள். பாதுகாப்பான பிரசவமும் பிறந்த குழந்தைக்கான பராமரிப்பும் இல்லாத இடத்தில் இவற்றில் பல கூடும். பிறந்தபின் ஷெல் துண்டு தலையில் பட்ட கைக்குழந்தையும் இந்த வகைக்குள் வரலாம். அதேவேளை, அமைதியான நாடுகளின் மிகச் சிறந்த வைத்தியசாலைகளிலும் பெருமூளை வாதத்துடன் பிள்ளைகள் பிறக்கின்றன. உலக அளவில் ஆயிரம் பிறப்புகளில் இரண்டு மூன்று என்பது நீண்ட காலமாகச் சொல்லப்பட்டுவரும் கணக்கு. பல பிள்ளைகளில் பாதிப்பு பிரசவத்துக்கு முன்னரே நடந்துவிடுகின்றது. தாயின் மீது பழி சுமத்துவதற்கு இதில் எதுவுமில்லை. வைத்தியசாலைகள் மீது குண்டு விழுந்த காலத்தில் குழந்தை பெற்ற ஒரு பெண், தான் என்ன பிழை விட்டேன் என்று கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை.

எப்போது தொடங்குவது?

"இரண்டு வயது மட்டும் பார்ப்பம், சில பிள்ளையள் பிந்தித்தான் நடக்கும்" என்பது உறவினரும் சிலவேளை வைத்தியர்களும் சொல்லும் ஆறுதல். இந்த ஆறுதலால் இழக்கப்படும் காலம் பெறுமதியானது. உலகின் முன்னணி நிலையங்களில் இன்று ஆறு மாதத்துக்கு முன்னரே பெருமூளை வாதத்தை இனங்காண முடிகின்றது. பிள்ளைகளின் அசைவுத்திறன் வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் ஐந்து வயதுக்குள் நடந்துவிடுகின்றது என்று கனடாவில் செய்யப்பட்ட நீண்டகால ஆய்வு காட்டியது. கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் இந்தக் காலம் இன்னும் குறுகியது.

பின்வரும் அறிகுறிகள் தென்பட்டால் காத்திருக்க வேண்டாம்:

- நான்கு மாதம் கடந்தும் கைவிரல்களை இறுகப் பொத்தியே வைத்திருத்தல், தலை நிற்காமை
- ஒன்பது மாதமாகியும் பிடிக்காமல் இருக்க முடியாமை
- ஒரு வயதுக்கு முன்னரே ஒரு கையை மட்டும் பாவித்தல். "இடக்கைக்காரன் போல" என்று விட்டுவிட வேண்டாம்.
- துணி மாற்றும்போது கால்கள் கத்தரிக்கோல் போலப் பின்னிக்கொள்ளுதல்
- உடல் வில் போலப் பின்னோக்கி வளைதல், அல்லது துணி போலத் தளர்ந்திருத்தல்
- பால் குடிப்பதில் தொடர்ந்து சிரமம், புரைக்கேறுதல்

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, பிறந்தவுடன் அழாத குழந்தை, விசேட பராமரிப்புப் பிரிவில் இருந்த குழந்தை ஆகியோரை இவை தென்படாவிட்டாலும் தொடர்ந்து காட்ட வேண்டும். நோயின் பெயர் உறுதியாகும் வரை பயிற்சிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சந்தேகம் இருந்தாலே தொடங்கலாம்.

"பிள்ளை நடக்குமோ?"

1997 இல் கனடாவில் ரொபர்ட் பலிசானோவும் சக ஆய்வாளர்களும் பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளின் அசைவுத்திறனை ஐந்து படிகளாக வகுத்தனர். முதலாம் படியில் உள்ள பிள்ளை ஓடும், படியேறும், வேகத்திலும் சமநிலையிலும் மட்டும் சற்றுப் பின்தங்கும். இரண்டாம் படியில் உள்ளவர் நடப்பார். ஆனால் நீண்ட தூரத்துக்கும் மேடுபள்ளத்துக்கும் உதவி தேவைப்படும். மூன்றாம் படியினருக்குக் கைத்தாங்கிகள் வேண்டும். நான்காம் படியினர் பெரும்பாலும் சக்கர நாற்காலியைச் சார்ந்திருப்பர். ஐந்தாம் படியினருக்குத் தலையை நிறுத்துவதற்கும் உதவி வேண்டும்.

இன்று உலகெங்கும் இதுவே பொதுமொழி. உங்கள் பிள்ளை எந்தப் படியில் இருக்கின்றது என்று இயன்மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு வயதுக்குப் பின்னர் பெரும்பாலான பிள்ளைகள் ஒரே படியிலேயே தொடர்கின்றன. பயிற்சியால் ஐந்தாம் படிப் பிள்ளையை முதலாம் படிக்குக் கொண்டுவர முடியாது. இதைக் கேட்கக் கடினமாக இருக்கும். ஆனால் இது தெரிந்தால் மட்டுமே ஒரு குடும்பம் தனது நேரத்தையும் பணத்தையும் சரியான இடத்தில் செலவிட முடியும். ஐந்தாம் படியில் உள்ள பிள்ளை நோவில்லாமல் இருப்பதும், புரைக்கேறாமல் சாப்பிடுவதும், கண்ணாலோ கையாலோ 'ஓம், இல்லை' சொல்லப் பழகுவதும் சிறிய வெற்றிகள் அல்ல.

பிள்ளை செய்வதே பயிற்சி

எமது ஊர்களில் பயிற்சி என்றால் பிள்ளையைக் கிடத்தி, எண்ணெய் பூசி உருவி, கை கால்களை மடக்கி நீட்டுவது என்றே விளங்கிக்கொள்ளப்படுகின்றது. பிள்ளை அழும். தாயும் அழுவாள். முடிந்ததும் பிள்ளை மீண்டும் பாயில் கிடத்தப்படும்.

எண்ணெய் பூசுவதில் தீமையில்லை. இதமாக இருக்கும், தாயும் பிள்ளையும் நெருங்கியிருக்கும் நேரம் அது. ஆனால் கையால் சில நிமிடம் இழுத்து நீட்டுவதால் மட்டும் தசை நீளமாவதில்லை என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெளிவாகியிருக்கின்றது. தசை நீட்டப்பட்ட நிலையில் பல மணி நேரம் இருந்தால்தான் அதற்குப் பயன் உண்டு. அதற்காகவே தாங்கிகளும் சரியான இருக்கை நிலையும். நடக்காத பிள்ளைகளின் எலும்பு பலவீனமானது. பலவந்தமாக இழுத்தால் முறிந்துபோகவும் கூடும்.

மூளை கற்பது, பிள்ளை தானாக முயன்று, தவறி, மீண்டும் முயலும்போதுதான். இன்று சிறந்த ஆதாரம் உள்ள முறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சம் இதுவே. வேறொருவர் பிள்ளையின் காலை நூறு தரம் அசைப்பதை விட, பிள்ளை விரும்பிய ஒரு பொருளை எட்டிப் பிடிக்கத் தானாகப் பத்துத் தரம் முயல்வது மேல்.

எனவே முதலில் ஒரு இலக்கைத் தெரிவு செய்யுங்கள். "நடக்க வேண்டும்" என்பது மிகப் பெரியது. "கதிரையில் இருந்து தானாக எழும்ப வேண்டும்", "கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்க வேண்டும்", "படலை வரை வோக்கரில் போக வேண்டும்" என்பவை அளவானவை. அந்த வேலையையே, அது நடக்கும் இடத்திலேயே, நாள்தோறும் பழக்குங்கள். கதிரையில் இருந்து எழும்பப் பழக வேண்டுமானால், சாப்பாட்டுக்கு முன் ஐந்து தரம், குளிக்கப் போகும்போது ஐந்து தரம், தொலைக்காட்சி பார்க்கும்போது ஐந்து தரம் எழும்பி இருக்கலாம். கதிரையின் உயரத்தைப் படிப்படியாகக் குறையுங்கள். விறைப்புள்ள தசைக்குப் பலமூட்டும் பயிற்சி கொடுத்தால் விறைப்பு கூடும் என்று முன்னர் அஞ்சினார்கள். அவ்வாறு கூடுவதில்லை என்று பின்னைய ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு, நல்ல கையை நாளில் குறித்த நேரம் ஒரு துணி உறையால் மூடி, மற்றக் கையால் விளையாட விடும் முறை நன்கு பயனளிக்கின்றது. எத்தனை மணி நேரம், எத்தனை கிழமை என்பதைச் சிகிச்சையாளர் தீர்மானிப்பார். அதனுடன் இரண்டு கையும் தேவைப்படும் வேலைகளையும் கொடுங்கள். வாழைப்பழம் உரித்தல், மாக் குழைத்தல், போத்தல் மூடி திறத்தல், பந்து பிடித்தல் எல்லாம் பயிற்சிதான்.

இருபத்துநான்கு மணி நேரமும்

அரை மணி நேரம் பயிற்சி செய்துவிட்டு மீதி நேரம் பிள்ளையை மல்லாக்கக் கிடத்தினால், அந்த மீதி நேரமே வெல்லும். அதனால் பிள்ளை நாள் முழுதும் எந்த நிலையில் இருக்கின்றது என்பதைப் பாருங்கள்.

இருத்தல்: இடுப்பு கதிரையின் பின்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் ஏறக்குறைய செங்கோணத்தில் மடிந்திருக்க, பாதம் தட்டையாக ஏதாவதொன்றில் பதிய வேண்டும். கால்கள் பின்னிக்கொண்டால் நடுவில் சுருட்டிய துவாயை வையுங்கள். முன்னால் ஒரு சிறு மேசை இருந்தால் கைகளுக்கு வேலை வரும். விலை கூடிய விசேட கதிரை இல்லாவிட்டாலும், காட்போட் மட்டைகளை மாப்பசையால் அடுக்கடுக்காக ஒட்டிப் பிள்ளையின் அளவுக்கே உறுதியான கதிரை செய்யும் முறை பல நாடுகளில் பயன்பாட்டில் இருக்கின்றது. ஊர்த் தச்சரும் சிகிச்சையாளரும் சேர்ந்தால் மரத்திலும் செய்யலாம்.

சாப்பாடு: படுக்க வைத்தோ தலையைப் பின்னே சாய்த்தோ ஊட்டவே கூடாது. உணவு சுவாசப்பைக்குள் போய் நியுமோனியாவை உண்டாக்கும். இப்பிள்ளைகளின் உயிரைப் பறிக்கும் முக்கிய காரணங்களில் அதுவும் ஒன்று. நிமிர்த்தி இருத்தி, நாடியைச் சற்று உள்வாங்கியபடி, சிறு கரண்டியால் ஆறுதலாக ஊட்டுங்கள். சாப்பிடும்போது அடிக்கடி இருமினாலோ அடிக்கடி சளிக்காய்ச்சல் வந்தாலோ பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் காட்ட வேண்டும்.

கிடத்தல்: மல்லாக்கக் கிடத்தினால் பல பிள்ளைகள் இன்னும் விறைப்பார்கள். பக்கவாட்டில் கிடத்தி, முதுகுக்குத் தலையணை வைத்தால் இரண்டு கைகளும் முன்னே வந்து சந்திக்கும். விழித்திருக்கும் நேரத்தில், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்க, மார்பின் கீழ் சுருட்டிய சாரத்தை வைத்துக் குப்புறக் கிடத்தினால் தலை தூக்கப் பழகும். ஏணை உடலை வளைத்து வைத்திருப்பதால் விறைப்புள்ள குழந்தை அதில் அமைதியாக இருக்கும். ஆனால் நாள் முழுதும் ஏணையில் கிடந்தால் அசைவதற்கு வாய்ப்பே இல்லை.

நிற்றல்: தானாக நிற்க முடியாத பிள்ளையை நிற்கும் சட்டகத்தில் நாள்தோறும் நிறுத்துவது எலும்புக்கும் குடல் இயக்கத்துக்கும் நல்லது. சில நிமிடங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம். சில்லுப் பூட்டிய குழந்தை வோக்கரில் போட வேண்டாம். அது நுனிக்காலில் உந்தப் பழக்கிவிடும்.

தூக்குதல்: கையைப் பிடித்து இழுத்துத் தூக்காமல், பக்கவாட்டில் புரட்டி, இடுப்பையும் முழங்காலையும் மடித்துத் தூக்கினால் விறைப்புக் குறையும். தூக்குபவர் முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து, பிள்ளையை உடலோடு அணைத்து எழும்ப வேண்டும். பிள்ளை பாரமானபின் இருவர் தூக்க வேண்டும். தாயின் முதுகு போனால் அந்த வீட்டின் சிகிச்சையும் நின்றுவிடும்.

வெளியே தெரியாமல் விலகும் இடுப்பு

பெற்றோருக்கு அதிகம் சொல்லப்படாத விடயம் இது. பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்லக் குழியை விட்டு விலகுகின்றது. முதலாம் படியினரில் இது மிக அரிது. ஐந்தாம் படியினரில் பத்தில் ஒன்பது பேர் வரை இந்த ஆபத்து உண்டு. ஆரம்பத்தில் நோவு இருக்காது, வெளியே தெரியாது. நோவு தொடங்கும்போது பல சந்தர்ப்பங்களில் காலம் கடந்திருக்கும். துணி மாற்றுவதும் இருத்துவதும் சித்திரவதையாகிவிடும்.

கண்டுபிடிக்க ஒரேயொரு வழி எக்ஸ்ரே. சுவீடனிலும் அவுஸ்திரேலியாவிலும் ஒழுங்கான இடுப்புக் கண்காணிப்புத் திட்டங்கள் உண்டு. ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் முதல் எக்ஸ்ரே, பின்னர் ஆபத்துக்கு ஏற்ப ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை என்பது அவற்றின் நடைமுறை. உங்கள் பிள்ளை நடக்காவிட்டால், "இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாமா?" என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள். எக்ஸ்ரே எடுக்கக்கூடிய எந்த வைத்தியசாலையிலும் இதைச் செய்யலாம்.

தாங்கி, ஊசி, சத்திரசிகிச்சை

பாதத்தையும் கணுக்காலையும் பிடித்துவைக்கும் பிளாஸ்டிக் தாங்கி நுனிக்கால் நடையைக் குறைக்கும். கழற்றிய பின் தோலில் உள்ள சிவப்பு அரை மணி நேரத்தில் மறையாவிட்டால் தாங்கியைத் திருத்த வேண்டும். பிள்ளை வளர வளர மாற்றவும் வேண்டும். சிறுத்துப்போன தாங்கி புண்ணைத்தான் தரும்.

விறைப்பைக் குறைக்கப் போடப்படும் பொட்டுலினம் ஊசியின் பலன் ஏறக்குறைய மூன்று மாதம். அந்த இடைவெளியில் பயிற்சி செய்யாவிட்டால் ஊசி வீண். தசைநாண்களை நீட்டும் சத்திரசிகிச்சைக்கும் இதுவே பொருந்தும்.

பிள்ளையைக் குணப்படுத்தித் தருவோம் என்று சொல்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். அழுத்த அறையில் ஒட்சிசன் கொடுக்கும் முறையை கனடாவில் 111 பிள்ளைகளிடம் பரிசோதித்து 2001 இல் வெளியிட்டார்கள். ஒட்சிசன் பெற்றவர்களுக்கும் சற்று அழுத்தப்பட்ட சாதாரண காற்றைப் பெற்றவர்களுக்கும் இடையில் வேறுபாடு இருக்கவில்லை. ஸ்டெம் செல் சிகிச்சை இன்னும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. காணியை ஈடுவைத்தோ, வெளிநாட்டில் உள்ள சகோதரனிடம் கடன் வாங்கியோ அதற்குப் போவதை விட, அந்தப் பணத்தின் ஒரு சிறு பகுதியில் அளவான சக்கர நாற்காலி, கழிப்பறைக்குச் சாய்தளம், பள்ளிக்கூடம் போய்வர ஓட்டோ என்பவற்றைச் செய்துகொள்ளலாம். புலம்பெயர் உறவுகளும் உதவும்போது இதை மனதில் கொள்வது நல்லது.

வளர்ந்துவிட்ட பிள்ளைகள்

2008, 2009 இல் பிறந்தவர்கள் இன்று வளர்ந்தவர்கள். அவர்களில் பலருக்கு ஆரம்ப வருடங்கள் முகாமிலும் மீள்குடியேற்றத்திலும் கழிந்தன. அவர்களுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது என்பது தவறு. பதின்ம வயதில் உடல் உயர்ந்து பாரமாகும்போது நடந்துகொண்டிருந்தவர்கள் சிலர் நடையை விடுகின்றார்கள். பலமூட்டும் பயிற்சி, மூன்று சில்லுச் சைக்கிள், நீச்சல் என்பவை அப்போதும் பயன் தரும். நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலி தோல்வியின் அடையாளம் அல்ல, வீட்டைவிட்டு வெளியே வருவதற்கான வழி. வளர்ந்த பெண்பிள்ளைகளின் மாதவிடாய்ப் பராமரிப்பும் பாதுகாப்பும் குடும்பம் வெளிப்படையாகப் பேச வேண்டிய விடயங்கள்.

எங்கே தொடங்குவது?

ஊரின் குடும்பநல உத்தியோகத்தரிடம் முதலில் சொல்லுங்கள். அவர் வைத்திய அதிகாரியிடமும், அங்கிருந்து சிறுவர் வைத்திய நிபுணரிடமும் இயன்மருத்துவப் பிரிவிடமும் அனுப்புவார். கொடுப்பனவு, உபகரணம், வீட்டு வசதி என்பவற்றுக்குப் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் பதிந்துகொள்ள வேண்டும். செயற்கைக் கால் பொருத்துவதற்காக 1987 இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஜெய்ப்பூர் நிலையம் போன்றவை, காயப்பட்டவர்களுக்காகத் தாங்கி செய்யவும் சக்கர நாற்காலி திருத்தவும் கற்ற கைகளை இங்கே உருவாக்கியுள்ளன. போர் இந்த மண்ணில் வேண்டாத வகையில் வளர்த்த அறிவு அது. அது இப்பிள்ளைகளுக்கும் உரியது.

ஆனால் எல்லாவற்றையும் தாயின் தலையில் சுமத்திவிட முடியாது. கணவனை இழந்து, கூலிக்குப் போய், பஸ் ஏறிக் கிளினிக்குக்கு வரும் பெண்ணிடம் "வீட்டில் நாள்தோறும் பயிற்சி செய்யுங்கள்" என்று சொல்வது எளிது. மாவட்ட வைத்தியசாலைகளில் போதிய இயன்மருத்துவர்களும் தமிழில் கதைக்கும் பேச்சு, தொழில்வழிச் சிகிச்சையாளர்களும் வேண்டும். அவர்கள் கிராமத்துக்கு வர வேண்டும். மாற்றாற்றல் உடையோரின் உரிமைகளுக்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் கல்வியிலும் தொழிலிலும் பாகுபாட்டைத் தடுக்கின்றது. ஐ.நா.வின் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றுறுதிப்படுத்தியது. அருகிலுள்ள பாடசாலை ஒரு பிள்ளையை ஏற்க மறுத்தால் அதை எழுத்தில் கேட்டு வாங்கி, வலயக் கல்வி அலுவலகத்தில் முறையிட முடியும்.

அயலவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பின்னேரத்தில் உங்கள் பிள்ளைகள் ஒழுங்கையில் விளையாடும்போது அந்தப் பிள்ளையையும் கதிரையோடு வெளியே கொண்டுவரச் சொல்லுங்கள். பந்தை அதன் பக்கமும் உருட்டச் சொல்லுங்கள். எட்டிப் பிடிக்க அது முயலும்போது செய்யும் பயிற்சி, எந்தக் கிளினிக்கிலும் கிடைக்காதது.